கேள்வியைப் படிப்பதே பாதிக் கணக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வு எழுதுவோருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வருவோரில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள். ஜவுளிக் கடையிலும் கைப்பேசிக் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் உண்டு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடிவரும் இளம் தாய்மார்களும் உண்டு. முதல் நாளில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "வினாத்தாள் கைக்கு வந்ததும் கணக்குப் பகுதியை எப்போது தொடுவீர்கள்?" ஏறத்தாழ எல்லோரும் ஒரே பதிலையே சொல்வார்கள்: "கடைசியில், நேரமிருந்தால்."

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர், குரூப் 4 தேர்வை இருமுறை எழுதி வாய்ப்பை இழந்த பெண். இலக்கணத்தையும் அரசமைப்புச் சட்டத்தையும் எங்கு தொட்டுக் கேட்டாலும் பதில் சொல்வார். கணவர் கொத்தனார், அவருடைய கூலிக் கணக்கு, சிமென்ட் கணக்கு, சித்தாள் சம்பளம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பவர் இவர்தான். ஆனால், "கணக்கு 25-க்கும் ஒரே எழுத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டேன் சார்" என்றார். வீட்டில் நாள்தோறும் கணக்குப் போடும் ஒருவர் தேர்வு அறையில் கணக்கைக் கண்டு ஒதுங்குகிறார் என்றால், குறை அவருடைய அறிவில் இருக்க முடியாது.

அவர் விட்டுவந்தது எவ்வளவு என்று பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள்; 300 மதிப்பெண்கள்; மூன்று மணி நேரம். தமிழுக்கு 100 வினாக்கள், பொது அறிவுக்கு 75, எஞ்சிய 25 திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் இந்தப் பகுதியின் மதிப்பு 37.5. ஒரே மதிப்பெண்ணில் பலர் வரிசையாக நிற்கும் தேர்வில், வேலை கிடைப்பதையும் மீண்டும் ஓராண்டு காத்திருப்பதையும் தீர்மானிக்க இது போதும்.

குடிமைப் பணித் தேர்வில் நிலைமை இன்னும் கடுமை. 2011-இல் முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாள் சேர்க்கப்பட்டது. 2015 முதல் அது தகுதித் தாளாக மட்டும் வைக்கப்பட்டு, 200-க்கு 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்றானது. ஆனால், அந்த 33 விழுக்காட்டை எட்டாதவர் பொது அறிவுத் தாளில் எவ்வளவு சிறப்பாக எழுதியிருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. 'வெறும் தகுதித் தாள்தானே' என்று எண்ணியிருந்தவர்கள் அந்தப் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

"நேரம் போதாது" என்பதுதான் மாணவர்கள் முதலில் சொல்லும் காரணம். அதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். குரூப் 4 தேர்வில் தமிழும் பொது அறிவும் சேர்ந்து 175 வினாக்கள். சராசரியாக ஒன்றுக்கு 40 விநாடி என்று வைத்துக்கொண்டால் 7,000 விநாடி. அதாவது ஒரு மணி 56 நிமிடம் 40 விநாடி. மூன்று மணி நேரத்தில் எஞ்சுவது 63 நிமிடத்துக்கும் சற்று அதிகம். அதை 25 வினாக்களுக்குப் பகிர்ந்தால் ஒரு கணக்குக்கு இரண்டரை நிமிடம் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்த ஒரு கணக்கை நிதானமாகப் போட அது போதுமான நேரம். தவறான விடைக்கு இங்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது.

வங்கித் தேர்வு அப்படியன்று. ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரிகளுக்கான முதல்நிலைத் தேர்வில் 35 கணித வினாக்களுக்கு 20 நிமிடம்தான். ஒன்றுக்கு ஏறத்தாழ 34 விநாடி. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போய்விடும். அங்கு எதை விடுவது என்று தெரிந்திருப்பதும் ஒரு திறமை. சந்தையில் விற்கும் குறுக்குவழிப் புத்தகங்களும் காணொலிகளும் பெரும்பாலும் அந்த 34 விநாடி ஓட்டத்துக்காகவே உருவானவை. இரண்டரை நிமிடம் கையில் இருப்பவரும் அதே ஓட்டத்தை ஓட முயன்று மூச்சிரைக்கிறார்.

இதில் எனக்கும் பங்குண்டு. தொடக்கத்தில் நானும் குறுக்குவழிகளையே முதலில் சொல்லிக் கொடுத்தேன். மாணவர்கள் மகிழ்ந்தார்கள்; நானும் நல்ல ஆசிரியன் என்று பெயர் வாங்கினேன். 'ஒரு வேலையை ஒருவர் 10 நாளிலும் மற்றொருவர் 15 நாளிலும் முடிப்பர். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?' என்றால், பெருக்கி, கூட்டி, வகு என்றேன். 150-ஐ 25-ஆல் வகுத்தால் 6. விடை நொடியில் வந்தது. அடுத்த வாரம் கேள்வியைச் சற்றே மாற்றினேன்: 'இருவரும் சேர்ந்து தொடங்கினர், இரண்டு நாள் கழித்து முதலாமவர் நின்றுவிட்டார். மீதி வேலையை மற்றவர் எத்தனை நாளில் முடிப்பார்?' வகுப்பு மௌனமாகிவிட்டது. நான் கொடுத்த சூத்திரத்தில் ஒருவர் பாதியில் நின்றுபோவதற்கு இடமே இல்லை.

அன்றுதான் சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கொத்தனாரின் மனைவியான அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "வேலை என்பது ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளம்மா. எத்தனை அடிச் சுவர் என்று கேள்வியில் சொல்லவில்லை. நமக்கு வசதியான அளவை நாமே வைத்துக்கொள்ளலாமா?" 10-க்கும் 15-க்கும் பொதுவாக வகுபடும் 30 அடி என்று அவரே சொன்னார். பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. முதலாமவர் நாளுக்கு 3 அடி, மற்றவர் 2 அடி, சேர்ந்தால் 5 அடி. ஆகவே 6 நாள். இரண்டு நாளில் 10 அடி எழும்பிவிடும். மீதி 20 அடி. நாளுக்கு 2 அடி வீதம் இன்னும் 10 நாள். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயர் அவருக்கு அச்சம் தந்தது. சுவர் அச்சம் தரவில்லை.

அன்று முதல் என் வகுப்பின் வரிசையை மாற்றினேன். முதலில் கேள்வியை இரண்டு முறை படிக்க வேண்டும். என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரியில் எழுத வேண்டும். அடுத்து, வசதியான ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு கணக்கை நடத்திப் பார்க்க வேண்டும். ஏன் அப்படி வருகிறது என்பது விளங்கிய பிறகுதான் குறுக்குவழி. விளங்கியவருக்குக் குறுக்குவழி நேரத்தை மிச்சப்படுத்தித் தரும். விளங்காதவருக்கு அது இன்னொரு மனப்பாடச் சுமை.

விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். 'ஒரு பொருளின் விலை 20 விழுக்காடு உயர்ந்து, பின்னர் 20 விழுக்காடு குறைந்தது. இப்போது விலை என்ன?' பழைய விலையேதான் என்று பாதி வகுப்பு சொல்லும். 100 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் உயர்ந்தபோது 120, 120-இல் 20 விழுக்காடு 24, ஆகவே 96. ஏறும்போது 100-இன் மீது கணக்கிட்டோம், இறங்கும்போது 120-இன் மீது கணக்கிட்டோம். விழுக்காட்டுக் கணக்கில் தவறும் பலர் தவறுவது 'எதன் மீது?' என்ற கேள்வியைக் கேட்காததால்தான். ஆடித் தள்ளுபடியில் '20 விழுக்காடு, அதற்கு மேல் 10 விழுக்காடு' என்ற பலகையைக் கண்டு 30 விழுக்காடு என்று மகிழ்வதும் இதே தவறுதான். 100 ரூபாய் 80 ஆகி, 80-இல் 8 கழிந்து 72 ஆகிறது. உண்மையான தள்ளுபடி 28 விழுக்காடு.

தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் இரண்டு ஆண்டில் வரும் வேறுபாடு, தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. அதற்கென ஒரு சூத்திரம் உண்டு. மாணவர்கள் அதைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆனால், 10,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு என்றால் முதல் ஆண்டு வட்டி 1,000. தனிவட்டியில் அந்த ஆயிரம் சும்மா இருக்கிறது, கூட்டுவட்டியில் அதுவும் வட்டி ஈட்டுகிறது. ஆயிரத்துக்கு 10 விழுக்காடு 100. வேறுபாடு அவ்வளவுதான். வட்டிக்கு வட்டி என்று நம் பாட்டிமார் சொன்னதைப் புரிந்துகொண்டவருக்கு அந்தச் சூத்திரமே தேவைப்படாது.

தருக்க வினாக்களில் சிக்கல் வேறு வகையானது. அங்கு அறிவுக் குறைவைவிட அறிவு மிகுதியே இடறுகிறது. 'ஆசிரியர்கள் அனைவரும் பட்டதாரிகள். பட்டதாரிகளில் சிலர் கவிஞர்கள். ஆகவே ஆசிரியர்களில் சிலர் கவிஞர்கள்' என்று எழுதி, முடிவு சரியா என்று கேட்டேன். சரி என்றே பலரும் சொன்னார்கள். "எங்கள் தமிழாசிரியரே கவிஞர்தான் சார்" என்று ஒருவர் சான்றும் காட்டினார். உலகில் கவிஞரான ஆசிரியர்கள் உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால், கொடுக்கப்பட்ட இரண்டு கூற்றுகளிலிருந்து அது பெறப்படுகிறதா என்பதே கேள்வி. பட்டதாரிகளுக்கு ஒரு பெரிய வட்டம் வரைந்து, உள்ளே ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வட்டம் போடுங்கள். கவிஞர்களின் வட்டம் பெரிய வட்டத்தைத் தொட்டுக்கொண்டு, சிறு வட்டத்தைத் தொடாமலும் இருக்கலாம். அப்படி ஒரு படம் வரைய முடிகிறது என்றாலே அந்த முடிவு கட்டாயமானது அன்று.

உறவுமுறை வினாக்கள் நமக்கு எளிமையாக இருக்க வேண்டியவை. ஒரு பெண்ணைக் காட்டி ஒருவர், "இவருடைய தாயின் ஒரே மகன் என் தந்தை" என்கிறார். அந்தப் பெண் அவருக்கு என்ன உறவு? தாயின் மகன் என்றால் உடன்பிறந்தவன். அவர் என் தந்தை என்றால், அந்தப் பெண் தந்தையின் உடன்பிறந்தவர், அத்தை. தந்தை வழி, தாய் வழி, மூத்தவர், இளையவர் என்று ஒவ்வோர் உறவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில் சிந்திப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அதே வசதி காலை வாரியும் விடும். 'கண்ணனுடைய தாயின் சகோதரர் மகள் வள்ளி' என்ற வினாவுக்கு மாமன் மகள் என்று நிறுத்தாமல், "மனைவி" என்று விடை எழுதிய மாணவர் ஒருவர் இருந்தார். முறைப்பெண்தானே, கட்டியிருப்பார் என்று அவரே திருமணத்தை முடித்துவைத்துவிட்டார்! வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். கேள்வியில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்ற பாடம் அன்று எல்லோர் மனத்திலும் பதிந்தது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு முதலில் கற்பிப்பது அளவை நெறியைத்தான். எதை நிறுவுகிறோம், அதற்கு ஏது என்ன, எடுத்துக்காட்டு என்ன என்று பிரித்து, அவை எங்கெங்கே பழுதுபடும் என்பதையும் விரிவாக எடுத்துரைக்கிறார். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்றவர்கள் வாய்பாட்டை மனப்பாடம் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதை நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அன்றாடம் பயன்படுத்தினார்கள். இன்று நம் பிள்ளைகளிடம் மனப்பாடம் இருக்கிறது. அளக்கும் பழக்கம்தான் அற்றுப்போயிற்று.

'எழுத்தர் வேலைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்போரும் உளர். குரூப் 4 வழியாகப் பணிக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஓர் ஏக்கர் 100 சென்ட். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஆவணத்தில் ஓர் அளவும் விவசாயியின் வாயில் ஓர் அளவும் இருக்கும்போது, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவர் அவர். எதிரே நிற்பவரின் கோரிக்கையில் சொல்லப்பட்டது எது, நாமாக ஊகித்துக்கொண்டது எது என்று பிரித்தறிவதும் அவர் வேலைதான். கவிஞர் வட்டமும் மாமன் மகளும் அங்குதான் பயன்படுகின்றன.

தேர்வைத் தாண்டியும் இதற்கு ஒரு பயன் இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணே எனக்குக் காட்டினார். வட்டிப் பாடம் நடந்த மறு வாரம், பழைய அட்டை ஒன்றை மேசையில் வைத்தார். தண்டல்காரரிடம் வாங்கிய 10,000 ரூபாய்க் கடன். 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 9,000. வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "பத்து விழுக்காடுதானே என்று நினைத்திருந்தேன் சார். எதன் மீது என்று நீங்கள் கேட்கச் சொன்னீர்கள், கேட்டுப் பார்த்தேன்" என்றார்.

இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம். கைக்கு வந்தது 9,000; ஆகவே 1,000 ரூபாய் வட்டி 10 விழுக்காடு அன்று, 11-க்கும் மேல். அதுவும் ஓராண்டுக்கு அன்று, பத்து வாரத்துக்கு. மேலும், வாரந்தோறும் திருப்பிக் கட்டுவதால் 9,000 ரூபாயும் பத்து வாரம் முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ 5,000 ரூபாய்தான் இருந்தது. 5,000-க்குப் பத்து வாரத்தில் 1,000 என்றால் 20 விழுக்காடு. ஆண்டுக்கு 52 வாரம். ஐந்து மடங்குக்கும் மேல். ஆக, ஆண்டு வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அவர் சிறிது நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது மாதிரி நான்கு முறை வாங்கியிருக்கிறோம்" என்றார்.

அவர் இப்போது மூன்றாம் முறையாகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். தேர்ச்சி பெறுவாரா என்பதை நான் இப்போது சொல்ல முடியாது. ஆனால், மாதிரித் தேர்வுகளில் கணக்குப் பகுதியை அவர் ஒரே எழுத்தால் நிரப்புவதில்லை. தமிழ்ப் பகுதியை முடித்த கையோடு கணக்குக்கு வந்துவிடுகிறார். முதலில் எளியவற்றைப் போட்டுவிட்டு, இரண்டு நிமிடத்தில் பிடிபடாததைக் குறித்துவைத்துவிட்டு நகர்கிறார். தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறார். அதில் விடையை எழுதுவதில்லை. 'கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை', 'எதன் மீது என்று பார்க்கவில்லை', 'இல்லாததைச் சேர்த்தேன்' என்று தவறின் காரணத்தை எழுதுகிறார். அந்த நோட்டில் 'கணக்குத் தெரியவில்லை' என்ற காரணம் அரிதாகவே இடம்பெற்றிருக்கிறது.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் தொடங்க வேண்டிய இடம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிக் கணக்குப் புத்தகங்களே. நாளுக்குப் பத்துக் கணக்குகள் போதும். ஆனால் அந்தப் பத்தையும் காரணத்தோடு போட வேண்டும். கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கின்றன. அந்த மையங்களுக்கு வர வழியில்லாத ஊர்களிலும் கிளை நூலகங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற கணக்காசிரியர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம், ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணக்கட்டி. இவ்வளவுதான் செலவு.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கணக்குகளில் வாக்கியக் கணக்குகளைக் கடைசியில் வைத்து, நேரமில்லை என்று விட்டுவிடும் வழக்கம் பல வகுப்பறைகளில் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். தேர்வறையில் என் மாணவர்கள் கணக்கைக் கடைசிக்குத் தள்ளியதை, நானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.